சிறிய மொழியின் உள்கட்டு: லிஸ்ப்புக்கு முன் ஃபோர்த்

ஒரு நிரலாக்க மொழி உள்ளே எப்படி இயங்குகிறது என்று கற்க விரும்பும் மாணவரிடம், சிறிய மொழி ஒன்றைத் தாமே உருவாக்கிப் பார்க்கச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அந்த மொழி லிஸ்ப்பாக இருக்கும். 1960இல் ஜான் மெக்கார்த்தி வெளியிட்ட கட்டுரை, லிஸ்ப் கோவைகளை மதிப்பிடும் சார்பை லிஸ்ப்பிலேயே மிகச் சுருக்கமாக எழுதிக் காட்டியது. அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் மொழியின் உள்கட்டைக் கற்க அது முதற்பாடம் ஆகாது என்பதும், அந்த இடத்துக்கு உரியது ஃபோர்த் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

லிஸ்ப்பை லிஸ்ப்பிலேயே எழுதும்போது சார்பை அழைப்பது, அழைத்த இடத்துக்குத் திரும்புவது, நினைவகம் ஒதுக்குவது எல்லாம் தாங்கும் மொழியிடமிருந்து கேட்காமலே வந்துவிடுகின்றன. உள்ளீடுகள் மதிப்பிடப்படும் முறைகூடத் தாங்கும் மொழியைப் பொறுத்து மாறலாம் என்று ஜான் ரேனால்ட்ஸ் 1972இல் விளக்கினார். மெக்கார்த்தியின் சார்பை ஸ்டீவ் ரஸல் ஐபிஎம் 704 கணிப்பொறிக்கான கட்டளைகளாகக் கைப்பட எழுதிய பிறகே அது இயங்கும் மொழியாயிற்று. மாணவர் அறியவேண்டியதில் பெரும்பகுதி ரஸல் செய்த வேலையில்தான் இருக்கிறது.

ஃபோர்த் அந்த வேலையை மறைப்பதில்லை. சார்ல்ஸ் மூர் உருவாக்கிய இம்மொழி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் வானொலித் தொலைநோக்கியை இயக்கப் பயன்பட்டது. நினைவகம் மிகக் குறைவாக இருந்த சிறு கணிப்பொறிகளில் நிரல்பெயர்ப்பியும் பயன்பாட்டு நிரலும் சேர்ந்தே குடியிருக்க வேண்டியிருந்தது. இலக்கணப் பாகுபாட்டுக்கென்று தனிக் கட்டம் அதில் இல்லை. இடைவெளிவரை ஒரு சொல்லைப் படித்து, சொற்களின் வரையறைகள் உள்ள அகராதியில் தேடி, கிடைத்தால் செயல்படுத்துவது அல்லது, வரையறை தொகுக்கப்படும்போதானால், அதன் முகவரியைப் பதிவது. கிடைக்காவிட்டால் எண்ணா என்று பார்ப்பது. வெளிச்சுழற்சி முழுவதும் இவ்வளவே.

‘: இருமடி டூப் + ;’ என்ற வரையறையை எடுத்துக்கொள்வோம். மரபான செயலாக்கத்தில் இது நினைவகத்தில் நான்கு முகவரிகளாக அமர்கிறது: வரையறைக்குள் நுழையும் நிரல்துண்டு, டூப் (தரவு அடுக்கின் உச்சியில் உள்ள மதிப்பை நகலெடுக்கும் சொல்), கூட்டல், வெளியேறுதல். நுழையும் துண்டு இப்போதைய இடத்தை, திரும்பவேண்டிய முகவரிகளுக்கான தனி அடுக்கான திரும்பும் அடுக்கில் வைக்கிறது. வெளியேறும் சொல் அதை எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்குப் போகிறது. அடுத்த முகவரியைப் படித்துத் தாவும் உட்சுழற்சிக்கு, 32 பிட் இன்டெல் செயலிகளில் இரண்டே கட்டளைகள் போதும். சார்பு அழைப்பு என்பது என்ன என்ற கேள்விக்கு இதைவிட வெளிப்படையான விடையை நான் கண்டதில்லை.

நிபந்தனைச் சொல்லான ‘இஃப்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது மொழியின் இலக்கணத்தில் இல்லை. அதுவும் அகராதியில் உள்ள ஒரு சொல்தான். வரையறை தொகுக்கப்படும்போதே உடனே செயல்படும்படி குறியிடப்பட்டிருப்பது மட்டுமே வேறுபாடு. பூச்சியமானால் தாவு என்ற கட்டளையைப் பதிந்து, தாவும் தூரத்துக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அவ்விடத்தின் முகவரியைத் தரவு அடுக்கில் வைக்கிறது. பின்னர் வரும் ‘தென்’ அந்த முகவரியை எடுத்துத் தூரத்தைக் கணக்கிட்டு வெற்றிடத்தை நிரப்புகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக நிபந்தனைகள் வந்தாலும் அடுக்கின் இயல்பே அவற்றைச் சரியாகப் பொருத்திவிடுகிறது. நிரல்பெயர்ப்பியைப் பயனரே நீட்டிக்கொள்ளலாம் என்பதை மாணவர் இங்கே கண்ணால் காண்கிறார். ஃபோர்த்தின் சிக்கனம் அதன் சொற்கள் எத்தனை என்பதில் இல்லை, நிரல்பெயர்ப்பியே சிறுசிறு சொற்களாகப் பிரிந்து அகராதிக்குள் கிடப்பதில் இருக்கிறது என்பேன்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. வகைச் சரிபார்ப்பு, குப்பை சேகரிப்பு, மாறிகளின் எல்லை ஆகிய எதையும் ஃபோர்த் கற்பிப்பதில்லை. அடுக்கில் இல்லாததை எடுத்தால்கூடப் பல செயலாக்கங்கள் எச்சரிப்பதில்லை. மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அது வரிசையைப் பற்றிய என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது. தாமே கட்டிய ஃபோர்த்தின் மேல் ஒரு சிறு லிஸ்ப்பை எழுதத் தொடங்கும் மாணவர், உள்சார்பு ஒன்றைத் திருப்பியனுப்பும் சார்பிடம் வந்ததும் நின்றுவிடுவார். வெளிச்சார்பு முடிந்தபின்னும் அதன் மாறிகள் உயிரோடிருக்க வேண்டும். திரும்பும் அடுக்கில் வைத்தாலோ அவை அழிந்துபோகும். அவற்றுக்கு வேறோர் இடம் வேண்டும், அவ்விடத்தை எப்போது விடுவிப்பது என்ற விதியும் வேண்டும். குப்பை சேகரிப்பு ஏன் தேவைப்பட்டது என்பது அவருக்கு அங்கேதான் புரியத் தொடங்குகிறது.