எது வேணும்னு எனக்கே தெரியாது: டிஸ்க் க்ளோனிங்கின் கதை

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். போனது என்னவோ காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கத்தான். ஆனா அந்த வார இறுதியில் பாதி நேரம் ஒரு பழைய டெஸ்க்டாப் முன்னாடியே போச்சு. அதனால் இந்த எபிசோட் பூட் டிஸ்க்கை நகலெடுக்கிற சாஃப்ட்வேர்களின் வரலாறு. போரடிக்கிற தலைப்பு மாதிரி தெரியும், கொஞ்சம் பொறுங்க.

கூட வந்த நண்பனுக்குச் சொந்தக்கார அக்கா ஒருவர் ஜமுனாமரத்தூர் பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் உள்ளே இருந்து டிக், டிக் என்று சத்தம். பூட் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், டிஸ்க்குக்கு நாள் எண்ண ஆரம்பித்தாயிற்று.

நான் ரொம்ப சாதாரணமாகச் சொன்னேன்: "முக்கியமான ஃபைல் எதெதுன்னு சொல்லுங்கக்கா, காப்பி பண்ணித் தரேன். புது டிஸ்க்குல விண்டோஸ் போட்டுக்கலாம்."

அக்கா சொன்னது: "எல்லாமே வரணும் தம்பி. எது வேணும்னு கேட்டா எனக்கே தெரியாது."

சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று புரிந்தது. ஏழெட்டு வருஷப் பாடக் குறிப்பு, பிள்ளைகளின் வருகைப் பதிவு, மனுக்கள் எல்லாமே யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. வானவில், பாமினி காலத்து ஃபைலைப் புது மெஷினில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த எழுத்துரு அங்கே இல்லையென்றால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த ஒரு குப்பை தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-ல். அதற்கு அப்புறமும் பழைய எழுத்துருவிலேயே பழகிய கைகள் ஏராளம். அக்காவின் டைப்பிங் சாஃப்ட்வேர் சிடி எங்கே என்று அவருக்கே தெரியாது. டவுன்லோடு பண்ணலாமா என்றால், என் போனில் சிக்னல் வாசலுக்குப் போனால் ஒரு கோடு, வீட்டுக்குள் அதுவும் இல்லை. ஃபைலை மட்டும் எடுத்தால் அந்த ஃபைலைப் படிக்க வைக்கிற ஏற்பாடு மொத்தமும் பின்னால் நின்றுவிடும். முழு டிஸ்க்கும் வேண்டும், அதுவும் பூட் ஆகிற மாதிரி வேண்டும்.

சரி, அதற்கு எந்த சாஃப்ட்வேர்? இதைக் கூகுளில் தேடினால் 'சிறந்த 10' பட்டியல்தான் வரும். எனக்கு வரலாறுதான் உதவியது.

ஒரு டிஸ்க்கில் இருக்கிற எல்லா ஃபைலையும் இன்னொன்றுக்கு காப்பி செய்தால் அது ஏன் பூட் ஆவதில்லை? டாஸ் காலத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. காரணம், கம்ப்யூட்டரை எழுப்புகிற முதல் துண்டு எந்த ஃபைலிலும் இல்லை. 1983-ல் பிசி டாஸ் 2.0 வந்து, ஐபிஎம் எக்ஸ்டியில் ஹார்ட் டிஸ்க்கும் வந்தபோது, டிஸ்க்கின் முதல் 512 பைட்டை இதற்கென்று ஒதுக்கினார்கள். 446 பைட்டில் ஒரு குட்டி புரோகிராம், 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் ஒரு அடையாளக் குறி. நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் எவ்வளவு தேடினாலும் இது கண்ணில் படாது. எம்பிஆர் என்பது இதைத்தான். இப்போதைய மெஷின்களில் யூஇஎஃப்ஐ வந்து, பூட் துண்டு ஒரு தனிப் பார்ட்டிஷனில் ஃபைலாகவே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சாதாரணமாக உங்கள் கண்ணில் படாது.

இதற்கெல்லாம் முன்னாடியே யூனிக்ஸில் ஒரு கட்டளை இருந்தது: டிடி. 1974-லேயே உண்டு. பெயர் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கட்டளைகளைப் பார்த்து வைத்தது. டிடியின் பலமும் பலவீனமும் ஒன்றேதான். தான் எதை நகலெடுக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எடுத்து அப்படியே எழுதும். விண்டோஸா, லினக்ஸா, காலி இடமா, கவலையே கிடையாது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் நிறைந்த டிஸ்க் மேல் எழுதிவிடும், ஒரு கேள்வி கேட்காது. 'டிஸ்க் டிஸ்ட்ராயர்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அடுத்த கட்டம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில். 90-களின் நடுவில் பைனரி ரிசர்ச் என்ற கம்பெனியில் மரே ஹாசார்ட் எழுதிய கோஸ்ட். 1998-ல் சைமான்டெக் வாங்கியதும் நார்டன் கோஸ்ட் ஆனது. பொறியியல் கல்லூரி லேபில் படித்தவர்களுக்கு இது வினைச்சொல்: "அறுபது மெஷினுக்கும் கோஸ்ட் போட்டாச்சா?" ஒரு மெஷினில் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து, அதை ஒரு இமேஜ் ஆக்கி, நெட்வொர்க் வழியாக மற்றவற்றுக்கு ஒரே நேரத்தில் ஊற்றுவார்கள்.

கோஸ்ட் செய்த பெரிய மாற்றம் வேகம் மட்டும் இல்லை. அது ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டது. எந்த இடத்தில் தகவல் இருக்கிறது, எது காலி என்று தெரிந்ததால் காலி இடத்தைத் தாண்டிப் போனது. அளவு வேறான டிஸ்க்கிலும் பார்ட்டிஷனைச் சுருக்கி, விரித்துப் போட்டது. டிடியால் இது முடியாது. 2009-ல் அதன் வேலையில் பெரும்பகுதி ஆக்லாந்திலிருந்து இந்தியாவுக்கு மாறியது. 2013-ல் நார்டன் கோஸ்டையே நிறுத்திவிட்டார்கள்.

நகல் ரொம்பச் சரியாக இருந்தாலும் ஒரு பயம் வரும். அறுபது மெஷினும் ஒரே இமேஜ் என்றால், விண்டோஸ் ஒவ்வொரு மெஷினுக்கும் தருகிற எஸ்ஐடி என்ற அடையாள எண்ணும் அறுபதிலும் ஒன்றுதானே? பாதுகாப்புப் பிரச்சினை என்று பல வருஷம் அட்மின்கள் பயந்தார்கள். அதை மாற்றுவதற்கென்றே நியூசிட் என்ற டூல் பிரபலமானது. 2009 நவம்பரில் அந்த டூலை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச்சே உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, தனித்தனி மெஷின்களில் இது ஒரே எண்ணாக இருப்பதால் பிரச்சினை வருகிற சூழ்நிலை ஒன்றையும் காணவில்லை என்று எழுதி, டூலைத் திரும்பப் பெற்றார். தன் டூல் தேவையே இல்லாதது என்று தானே சொன்னதற்கு எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அதே காலத்தில் தைவானின் அரசு சார்ந்த உயர்திறன் கணினி மையத்திலிருந்து க்ளோன்சில்லா வந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதன் நடத்தை எனக்குப் பிடிக்கும்: தெரிந்த ஃபைல் சிஸ்டம் என்றால் பயன்பாட்டில் இருக்கிற பகுதியை மட்டும் எடுக்கும். தெரியாதது என்றால் புத்திசாலித்தனம் காட்டாமல் டிடி மாதிரி மொத்தத்தையும் எடுக்கும்.

ஆக, இந்த சாஃப்ட்வேர்களைப் பிரிப்பது விலையோ அழகான ஸ்கிரீனோ இல்லை. நகலெடுக்கிறவனுக்கு உள்ளே இருப்பது எவ்வளவு புரிகிறது, புரியாததை அவன் என்ன செய்கிறான் என்பதுதான்.

இதை யோசித்துக்கொண்டேதான் அன்றைக்குச் சாயங்காலம் காவலூர் போனேன். அங்கே இதற்கு நேரான கதை ஒன்று உண்டு. வைணு பாப்பு 60-களில் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-ல் 1 மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போவதை ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி சில நொடி சட்டென்று இறங்கி ஏறியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்றுதான் முதலில் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமானத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவும் பார்த்திருந்தது. அவர்களுக்குக் கோளின் இரண்டு பக்கமும் வரிசையாக இறக்கங்கள். அது வளையம். காவலூரில் பழைய பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை கண்டுகொள்ளாமல் விட்ட சின்னச் சின்ன இறக்கங்கள் அதில் இருந்தன. பட்டாச்சார்யாவும் பாப்புவும் அந்த ஆண்டே அதை வெளியிட்டார்கள்.

அந்த ராத்திரி, 'இந்த ஒரு பெரிய இறக்கம்தான் விஷயம், மிச்சம் வெறும் இரைச்சல்' என்று பெரியதை மட்டும் குறித்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருந்தால்? அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் மறுபடி வந்து நிற்கப் போவதில்லை.

திரும்பி வந்து அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். முதலில் அழகான ஸ்கிரீனோடு இருந்த ஒரு டூலைத்தான் ஓட்டினேன். பெயர் வேண்டாம். 41 சதவீதத்தில் ஒரு பேட் செக்டாரில் மோதி, மொத்த வேலையையும் கைவிட்டது. தப்பு என்னுடையதுதான், நல்ல டிஸ்க்குக்கான கருவியை சாகப்போகிற டிஸ்க்கில் ஓட்டினேன். சாகப்போகிற டிஸ்க்குக்கு குனூ டிடிரெஸ்க்யூ. 2004-லிருந்து இருக்கிறது. இது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருகிற பகுதியை எல்லாம் அள்ளிக்கொள்ளும், மக்கர் பண்ணுகிற இடத்தைத் தாண்டிப் போகும். அப்புறம் திரும்பி வந்து அந்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனது. வந்ததும் திரும்ப ஓட்டினேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தச் சின்ன ஃபைலை யோசித்தவரை நேரில் பார்த்தால் டீ வாங்கித் தருவேன்.

இன்னொரு கோமாளித்தனம்: நான் கையோடு வாங்கிப் போயிருந்த எஸ்எஸ்டி 480 ஜிபி. பழைய டிஸ்க் 500. பைட்டுக்கு பைட் எடுத்தால் 480-க்குள் 500 போகாது. அதனால் என் 1 டிபி எக்ஸ்டர்னலில் ஒரே பெரிய இமேஜாக எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன். மூலத்தைத் தொடாமல் இமேஜின் நகலில் கடைசிப் பார்ட்டிஷனைச் சுருக்கி, அதை எஸ்எஸ்டியில் எழுதினேன். பழைய எம்பிஆர் டிஸ்க் என்பதால் சுலபம். ஜிபிடி என்றால் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும், அதையும் சரி செய்யணும். இன்னொன்று, முதல் தடவை நீங்கள் பூட் செய்யும்போது இரண்டு டிஸ்க்கையும் சேர்த்துச் செருகாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

இதே அக்காவிடம் இன்றைய மேக் இருந்திருந்தால் கதை வேறு. 2020-ல் பிக் சர் வந்ததிலிருந்து சிஸ்டம் பகுதியை ஆப்பிள் முத்திரை போட்டு மூடிவிட்டது. 2002-லிருந்து இதையே தொழிலாகச் செய்த கார்பன் காப்பி க்ளோனரே அந்தப் பகுதியைத் தானாக நகலெடுக்க முடியாமல் ஆப்பிளின் கருவியைக் கேட்க வேண்டியதாயிற்று. ஆப்பிள் சிலிக்கான் மெஷினில் உள்ளே இருக்கிற ஸ்டோரேஜ் செத்தால், வெளியே எவ்வளவு நல்ல நகல் இருந்தாலும் பூட் ஆகாது. தகவலை மட்டும் வைத்துக்கொள், சிஸ்டத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள் என்பது அவர்கள் கணக்கு. பாதுகாப்புக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை. வாசலில் ஒரு கோடு சிக்னல் வருகிற வீட்டை அந்தக் கணக்கில் சேர்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அடுத்த வாரம் எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு திரும்ப மலை ஏறினேன். மாட்டி ஆன் செய்தால் அரை நிமிஷத்தில் பூட் ஆனது. அக்கா வருகைப் பதிவைத் திறந்தார், தமிழ் தமிழாகவே தெரிந்தது. கடைசி வரை படிக்க முடியாமல் போனது மொத்தம் 28 கேபி. அது எந்த ஃபைலில் விழுந்தது என்று தேடிப் பார்த்தேன். யாரோ எப்போதோ போட்டு வைத்த ஒரு சினிமா. பிள்ளைகள் அன்றைக்கே போட்டுப் பார்த்தார்கள். இடைவேளைக்கு அப்புறம் ஒரு சண்டைக் காட்சியில் படம் ஒரு நொடி உறைந்து, திரும்ப ஓடுகிறது.