வெளிச்சம் விற்றவர்கள் – 9: இரண்டாயிரம் சவரன்

சென்ற வாரம் சாமிக்கண்ணு வின்சென்ட்டைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்தோம். தென்னிந்திய ரயில்வே ஆபீசில் வரைபடம் போடும் உத்தியோகம். 1905இல், உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நினைத்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்தை உதறிவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். அவர் அப்படியே போகட்டும். இந்த வாரம் சென்னைக்குப் போவோம். அங்கே இன்னொருவர், ஒரு மெஷினுக்காக 30,000 ரூபாய் புரட்டப் பார்க்கிறார்.

அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். அன்று சவரன் காசுக்கு அரசாங்கம் வைத்த விலை 15 ரூபாய். 30,000 ரூபாய் என்றால் 2,000 சவரன். எட்டு கிராம் வீதம் பார்த்தால் 16 கிலோ தங்கம். அதைப் போடத் துணிந்தவர் ஜமீன்தார் இல்லை, வட்டிக்கடைக்காரரும் இல்லை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

பெயர் ரகுபதி வெங்கய்யா. 1869இல் மசூலிப்பட்டணத்தில் பிறந்தவர். கலம்காரித் துணிக்குப் பேர் போன துறைமுக ஊர். சித்திரம் வரையும் கை அவருக்கு இயல்பாக வந்தது. மீசை அரும்பும் வயதில், பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். தாய்மொழி தெலுங்கு, கையில் தூரிகை. வந்த இடமோ, கவர்னரும் ஹைகோர்ட்டு வக்கீல்களும் கோச்சு வண்டியில் போகும் ஊர்.

இந்த இடத்தில் கொஞ்சம் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்துவிட்டுப் போகிறேன். மதுரையிலிருந்து வரும் பஸ் வத்திராயிருப்புப் பிரிவில் நிற்கும்போது, காலேஜ் பிள்ளைகளோடு ஒரு தம்பி கேமரா பையோடு இறங்குவான். வேறு மாவட்டத்துப் பையன். இங்கே அறை எடுத்துத் தங்கி, யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாகத் தொழில் செய்கிறான். பெரிய லென்சை மதுரையில் நாள் வாடகைக்கு எடுக்கிறான். கேமராவுக்குத் தவணை ஓடுகிறது. ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

“எப்படிப் போகுது தம்பி?”

“படம் நல்லாத்தான் வருதுண்ணே. ஆனா பொண்ணு வீட்டுல, ‘எங்க சொந்தத்துல யார் கல்யாணத்துக்கு எடுத்திருக்க’ன்னு கேக்குறாக. அதுக்கு நான் என்ன சொல்ல?”

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மண்டபங்களில் மூன்று தலைமுறையாகப் படமெடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தாத்தா கல்யாணத்தை எடுத்தவரின் பேரன்தான் பேரன் கல்யாணத்தையும் எடுப்பான். ஆடிப்பூரத் தேரை இந்தத் தம்பி எடுத்த படம் ஒன்று அவன் போனில் இருக்கிறது. வடம் பிடித்த கைகள் மட்டும். நரம்பு புடைத்து, வேர்வையில் மினுங்குகிற கைகள். அதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்தப் படம் இதுவரை அவனுக்கு ஒரு அட்வான்ஸும் வாங்கித் தரவில்லை. வெங்கய்யாவை எழுதும்போதெல்லாம் இவன் முகம்தான் எனக்கு வருகிறது.

வெங்கய்யா காலத்தில் மின்விளக்கை நம்பி யாரும் ஸ்டூடியோ போடவில்லை. வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரை வேண்டும். நேர் வெயில் விழாமல், வெளிச்சம் மட்டும் பாலாடை மாதிரி இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தொழில் படுத்துவிடும். படம் பதிவது கண்ணாடித் தகட்டில். தகடு கை தவறி விழுந்தால் அன்றைய உழைப்பு போச்சு. அதன் மேல் கூர்சீவிய பென்சிலால் முகச்சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மெல்ல மூடுவார்கள். ‘டச்சிங்’ என்று நம் பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொன்ன வேலை. சித்திரக்காரர் கேமரா பிடித்தால் அதில் ஒரு லாபம் உண்டு. தகட்டிலும் அவர் வரையலாம், தாளிலும் வண்ணம் ஏற்றலாம்.

போட்டியும் லேசுப்பட்டதில்லை. 1903 டெல்லி தர்பாரைப் படமெடுத்த வீலே அண்டு கிளைன் போன்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் சென்னையில் இருந்தன. பெரிய மனிதர்கள் அங்கேதான் போவார்கள். சாதாரண ஜனங்களுக்கோ, படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம். என் பாட்டிக்கே 1970கள் வரை அந்தப் பயம் போகவில்லை. போதாததற்கு, 1900இல் கோடக் கம்பெனி அமெரிக்காவில் ஒரு டாலருக்குப் பிரவுனி என்ற பெட்டிக் கேமராவை இறக்கியது. யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்ற காலம் தூரத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் வெங்கய்யா காலூன்றினார். அவர் ஸ்டூடியோ நன்றாகவே ஓடியது. நாற்பதை நெருங்கும் வயது, நிலையான வருமானம், நகரத்தில் ஒரு பெயர். எந்த வெளியூர்க்காரனும் இதற்குத்தானே ஊரை விட்டு வருகிறான்?

1909இல் அவருக்கு அசையும் படத்தின் மேல் ஆசை விழுந்தது.

சென்னைக்கு அது புதிதில்லை. 1897லேயே இங்கே காட்டிவிட்டார்கள். ஆனால் அவை ஊமைப் படங்கள். வெங்கய்யா கண் வைத்தது பாடும் படத்தின் மேல். பிரான்சின் கோமோன் கம்பெனி செய்த குரோனோமெகாபோன். திரையில் படம் ஓடும்போதே அதோடு இணைத்த கிராமபோன் பாடும். நடிகர்கள் முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைத்து நடித்திருப்பார்கள். கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, அழுத்திய காற்றைச் செலுத்திச் சத்தத்தைப் பெருக்குவார்கள். உதடும் குரலும் பிசகாமல் ஓட்டுவது ஆபரேட்டரின் சாமர்த்தியம்.

இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டுச் சம்பாதித்த ஸ்டூடியோவை வெங்கய்யா அடமானம் வைத்தார்.

1910இல் மெஷின் கைக்கு வந்தது, 12 குறும்படங்களோடு. விக்டோரியா பொது மண்டபத்தில் காட்டினார். சினிமா பேச இன்னும் இருபது வருஷம் இருந்த காலத்தில், சென்னை ஜனங்கள் திரையில் ஒரு மனிதன் வாய் திறந்து பாடுவதைக் கண்டார்கள். காட்சி வெற்றி. அந்தத் தெம்பில் மெஷினைக் கட்டி எடுத்துக்கொண்டு பெங்களூர், இலங்கை, பர்மா என்று கிளம்பினார். படங்களை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஊரை மாற்றினால் போதும். எந்த ஊருக்கும் அந்தப் பன்னிரண்டும் புதிதுதான்.

ஆனால் அந்த மெஷினின் ஒரு மூலையில், யார் கண்ணிலும் படாமல் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அக்காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆனது. அதன் மேல் ஓடுவதோ எஃகு ஊசி. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஊசி பள்ளத்தைக் கொஞ்சம் சுரண்டும். பத்து ஆட்டத்தில் தெரியாது. நூறு ஆட்டத்தில் பாட்டோடு ஒரு கரகரப்பு சேரும். அதற்கு மேல் போனால் கரகரப்புதான் கேட்கும், பாட்டைத் தேட வேண்டும். புதுத் தட்டு வேண்டுமென்றால் கடல் கடந்து வர வேண்டும்.

ஸ்டூடியோ அடமானத்தில். தட்டுகள் பன்னிரண்டே பன்னிரண்டு. அவையும் தேய்ந்துவிட்டால், 2,000 சவரனுக்கு வெங்கய்யா கையில் மிஞ்சப்போவது என்ன?

(தொடரும்)

அடுத்த வாரம்: பிளாக்கர்ஸ் ரோட்டில் எழுந்த கட்டடம்