பாலும் எலியும்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெட்டவெளியில் குடிசை போட்டார்கள். நெரிசலான தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான புது நகர்கள் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயத்தில் பிறந்ததுதான். 1910இல் பிரேசர் டவுன் வந்தது. அதை ஒட்டிப் பின்னால் வளர்ந்தது, கலெக்டர் ஏ.ஆர். காக்ஸின் பெயர் தாங்கிய காக்ஸ் டவுன்.

எலிக்குப் பயந்து ஊர் மாறியவர்கள், எலியைத் தின்னும் பிராணிக்கு வைத்த படையல் என்ன? பால்!

மதராஸ் படையோடும் அதை நம்பிய தொழில்களோடும் தண்டுக்கு வந்த தமிழர்கள் ஆடி வெள்ளியையும் புற்று வழிபாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே கன்னடக்காரர்களுக்கு நாகர பஞ்சமி ஏற்கெனவே இருந்தது. அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடை, அதனடியில் பின்னிப் பிணைந்த இரு நாகங்கள் செதுக்கிய கல், மஞ்சள், குங்குமம், பால். கல்லுக்கு ஊற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. புற்றுக்குள் ஊற்றுவதுதான் வம்பு. புற்றைக் கட்டியது கறையான். பாம்பு ஒதுங்க வந்த விருந்தாளி. ஊற்றிய பாலுக்கு முதலில் வருவது எறும்பு.

ஊர்வனவற்றில் தாய்ப்பால் என்பதே கிடையாது. குட்டியாக இருக்கும்போதும் பாம்புக்கு இரைதான். அப்படியென்றால் பாம்பாட்டியின் கூடையில் அது பால் குடித்ததே? நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அந்தப் பால் செரிக்காது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுச் சாகும். பாம்புக்குப் பால் வார்த்தாலும் நஞ்சைத்தான் கக்கும் என்று பழமொழி வேறு! கேட்காத பாலைக் கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்த்தால் எப்படி?

பாம்பு என்ன தின்னும் என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். எலி வளையைத் தோண்டினால் அவர்களுக்கு எலி கிடைக்கும், அது சேர்த்துவைத்த நெல் கிடைக்கும், சில சமயம் எலிக்காக உள்ளே புகுந்த நல்ல பாம்பும் கிடைக்கும். தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்கள் பிழைப்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையுமாகச் சேர்ந்து படுத்துவிட்டது. 1978இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் தொழில். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கி, 1972இல் சென்னையின் கிண்டிக்கு இடம்மாறிய பாம்புப் பண்ணையும் அவர்கள் அறிவின்மேல் நின்றதுதான். சாரைக்கு எலியும் தவளையும், தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும், ராஜநாகத்துக்கு இன்னொரு பாம்பு. எல்லாப் பாம்புக்கும் ஒரே சாப்பாடு என்ற பேச்சே இல்லை.

இப்போது பெங்களூரில் பாம்பாட்டியின் கூடை போய், வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களின் கண்ணாடிப் பெட்டி வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் பிடிபட்டன. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். தமிழில் எழுதும்போதுதான் அதில் பால் கலந்துவிடுகிறது.

அதற்கு வேண்டியது முழு எலி. பாம்பின் உடம்பு தடித்த இடத்தில் எவ்வளவு பருமனோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு. கோழிக்கறித் துண்டு போட்டால் எலும்பிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போய்விடும். உயிரோடு விட்டால் எலி பாம்பையே கடித்துப் புண்ணாக்கும். அதனால் உறையவைத்த எலியை நன்றாக இளக்கி, சூடாக்கிக் கொடுக்கிறார்கள். சாக்கடை எலி கூடவே கூடாது, எலி மருந்து தின்றிருக்கும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். விழுங்கியபின் இரண்டு நாள் தொடாமல் விட்டால் செரிக்கும். உடம்பில் சூடு குறைந்தால் கக்கிவிடும்.

பால் பைத்தான் வளர்ப்பவர், 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி, அதைப் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர் நல்ல பாம்பையும் சாரையையும் வீட்டில் வைப்பது குற்றம். மழைக்காலத்தில் ஒன்று வாசல் ஏறி வந்தால் பாலையும் முட்டையையும் தேடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது எலியைத் தேடித்தான் வந்திருக்கும்.