மனையும் வெளியும்: ஓசூர்த் தொழிற்பகுதியில் கட்டடப் பரப்பு வரம்பின் வரலாறு

ஒரு மனையில் எவ்வளவு பரப்பைக் கட்டடம் மூடலாம் என்னும் வரம்பு, தமிழகத்தில் தொழிற்சாலைகளுக்காகத் தோன்றியதன்று. அதன் வேர் குடியிருப்புகளின் நலவாழ்வில் உள்ளது. 1896-இல் பம்பாயிலும் 1898-இல் பெங்களூரிலும் பரவிய கொள்ளைநோய், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளை ஆட்சியாளரின் கவலைக்குரிய பொருளாக்கியது. பம்பாய் நகரச் சீரமைப்பு அறக்கட்டளையின் தலைவர் ஓர், கட்டடங்களுக்கிடையே விடவேண்டிய வெளியை 63½ பாகை ஒளிக்கோணத்தால் அளந்தார். பெங்களூரில் பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய விரிவாக்கங்கள் எழுந்தன. நம் மனையடி நூல்கள் அறைகளின் அடிக்கணக்கை விரிவாகப் பேசினும், மனையில் மூடாது விடவேண்டிய பங்கு அவற்றின் முதன்மைக் கவலையாக இருந்ததில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் இவ்வெண்ணத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய திறந்தவெளி, கட்டடங்களின் உயரம், எண்ணிக்கை முதலியவற்றை நகரமைப்புத் திட்டத்தின்வழி வரையறுக்க அது இடமளித்தது. ஆயினும் ஓசூர் போன்ற சிற்றூர்களுக்கு அச்சட்டம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது எனலாம்.

நிலைமையை மாற்றியது சிப்காட். 1971-இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம், அன்றைய தருமபுரி மாவட்டத்தின் எல்லையூரான ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூரின் அண்மை இதற்குப் பெருந்துணையாயிற்று. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும் டி.வி.எஸ். மொபெட் உற்பத்தியும், பின்னர் டைட்டன் கைக்கடிகார ஆலையும் இங்கு வந்தன. இதே காலப்பகுதியில்தான் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 1972-இன் மாவட்ட நகராட்சிக் கட்டட விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கான 1997-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் பின்னர் வந்தன. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் 1961-ஆம் ஆண்டின் கருநாடக நகர் ஊரமைப்புச் சட்டம் இருந்தது. ஆக, சில கல் தொலைவுக்குள் நகரம், ஊராட்சி, அண்டை மாநிலம் என மூவகை விதிகள். இவற்றோடு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி ஆலை வரைபடத்திற்குத் தனி ஒப்புதலும் வேண்டியிருந்தது. ஒரே ஆலைக்குப் பல அலுவலகங்கள் என்னும் குறை இப்பின்னணியில் எழுந்ததே.

சிப்காட் மனைகளில் இன்னொரு முரண் உண்டு. ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாதவரிடமிருந்து மனையைத் திரும்பப் பெறலாம். கட்டட விதி மிகுதியை அஞ்சியது. ஒதுக்கீட்டு நிபந்தனை குறைவை அஞ்சியது. நிலம் வெறுமனே கிடப்பதே கேடு என்னும் பார்வையில், ஆலைச் சுவருக்கும் வேலிக்கும் இடையிலான வெளி பயனற்ற இடமாகத் தோன்றுதல் இயல்பு.

2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகுப்பாயின. அதே மாதத்தில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பொதுவான கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்தது. மூடும் பரப்பின் விழுக்காட்டைவிடச் சுற்றுத் திறவிட அளவே முதன்மை பெற்றது. இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் அதன் கணக்கு வேறு. நாற்புறமும் 5 அடி விட்டுக் கட்டினால், 40-க்கு 60 அடி மனையில் 1,500 சதுர அடி, அதாவது 62.5 விழுக்காடு மூடப்படும். சதுர வடிவான 5 ஏக்கர் ஆலை மனையில் 23 அடி விட்டாலும் ஏறத்தாழ 81 விழுக்காட்டை மூடலாம். விழுக்காட்டு வரம்பு சிறியோர்க்கும் பெரியோர்க்கும் ஒரே பங்கைக் கேட்கும். இடைவெளி விதியோ மனை பெருகப் பெருகத் தளர்கிறது. இக்கணக்கு எடுத்துக்காட்டே, எனினும் திசை தெளிவு.

இதன் சுமை நீரின்மீது விழுகிறது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் கூரைநீர் குழிக்குச் செல்லலாம். ஆனால் வாகனங்கள் நிற்கக் கற்காரையிடப்பட்ட சுற்றுவெளி, விதியின் கண்ணில் திறந்தவெளியே. மண்ணுக்கு அது மூடிய நிலம். ஆலைகளுக்காக எழுதிய விதியில் இவ்வேறுபாடு தேவைப்பட்டது. காற்றையும் வெளிச்சத்தையும் கருதிய பழைய விதிக்கு அது தேவைப்படவில்லை.

தொழிலாளர் வாழும் பக்கம் இவ்வரலாறு வேறாகச் செல்கிறது. மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி போன்ற, பின்னாளில் நகரோடு இணைந்த ஊர்களில், நத்தம் மனைகள் சுவரொட்டிய வீடுகளாலானவை. அங்கு வாடகைக்கு எழும் வரிசை வீடுகளில் 5 அடி விடுவது என்பது ஓர் அறையை இழப்பது.