உதிர்ந்த இலையும் ஒற்றை வெங்காயமும்

ஆங்கில நாவல்களிலிருந்து நமக்குக் கிடைத்த பருவம் ஒன்று உண்டு. அதுதான் இலையுதிர் காலம். கணப்பில் எரியும் நெருப்பு, ஜன்னலுக்கு வெளியே மஞ்சளும் சிவப்புமாக மரங்கள், கம்பளிச் சால்வை போர்த்திய கதாநாயகி, அவள் மடியில் ஒரு பழைய கடிதம் - இவ்வளவும் சேர்ந்துவிட்டால் நம்மைப் பொறுத்தவரை அந்தப் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். உதிர்ந்த இலைகளையெல்லாம் பிறகு யார் கூட்டி அள்ளினார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. கதாநாயகி அள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உண்மையில் அந்த நாட்டில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவனுக்கு வருஷத்திலேயே முதுகு ஒடிகிற காலம் அதுதான். நாம் ஆடிக் காற்றிலேயே அவரையும் புடலும் பூசணியும் கொல்லையில் ஊன்றிவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். ஐப்பசியில் கொடி பந்தலைத் தொட்டுவிடுகிறது. அதே ஐப்பசியில் அங்கே கதை முடிகிறது. முதல் உறைபனி எந்த இரவில் இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் தக்காளியும் பீன்ஸும் காலையில் வெந்நீர் ஊற்றினாற்போலக் கறுத்துச் சாய்ந்து கிடக்கும். அதற்குள் பறிக்க வேண்டியதைப் பறித்து, தோண்ட வேண்டியதைத் தோண்டி, கட்ட வேண்டியதைக் கட்டி, அடுத்த வசந்தத்துக்கு நிலத்தைக் கொத்திப் போட்டுவிட வேண்டும். அந்த மண்ணை உழுவதில் பாதி வேலையைப் பனியே செய்துவிடும் என்பார்கள். கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்ட மண்ணுக்குள் ஈரம் உறைந்து விரியும்போது கட்டி தானாகவே உதிர்ந்து பொடியாகிறது. ஆகவே கொத்துகிற வேலையை மார்ச் மாதத்துக்கு ஒத்திப்போட்டவனுக்குப் பனியின் கூலியில்லா உழைப்பு கிடைக்காமல் போகும்.

இந்தச் சின்ன விஷயம் ஒரு சமயம் ராஜாங்க விஷயமாகிவிட்டது.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. அந்தத் தேசத்தார் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. கோதுமை கனடாவிலிருந்து, வெண்ணெய் டென்மார்க்கிலிருந்து, வெங்காயம் பிரான்ஸிலிருந்து. கப்பல்களை மூழ்கடிக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் முதல் வாரத்தில், விவசாய மந்திரி ஸர் ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித் ரேடியோவில் பேசினார். இன்னும் 5 லட்சம் காய்கறிப் பாத்திகள் வேண்டும், அவை கிடைத்தால் 10 லட்சம் பெரியவர்களுக்கும் 15 லட்சம் குழந்தைகளுக்கும் வருஷத்தில் எட்டு மாதத்துக்கு உருளைக்கிழங்கும் காய்கறியும் கொடுக்க முடியும் என்று கணக்குச் சொன்னார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரை வேறோர் இடத்தில் சந்திக்க வேண்டியிருக்கிறது.

யுத்தம் ஆரம்பித்த அவசரத்தில், எத்தனையோ தலைபோகிற காரியங்களுக்கு நடுவே, கத்தரிக்காய்க் கொல்லை பற்றி மந்திரி பேசுவானேன்? அக்டோபர் பிறந்துவிட்டதே, அதுதான் காரணம். புல்தரையைப் பனிக்கு முன் புரட்டாவிட்டால் 1940-ஆம் வருஷத்து விளைச்சல் இல்லை. அப்படியும் அந்தக் குளிர்காலம் யாரையும் மன்னிக்கவில்லை. 1940 ஜனவரியில், நாற்பது வருஷங்களுக்கு மேல் காணாத கடுங்குளிர். தேம்ஸ் நதியே சில இடங்களில் உறைந்தது. அக்டோபரில் கொத்தியவர்கள் புத்திசாலிகள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் பாறைமேல் நின்று விழித்தார்கள்.

"வெற்றிக்காகத் தோண்டுங்கள்" என்பது இயக்கத்தின் கோஷம். அதன் சுவரொட்டியில் ஒரு மனிதனின் முகம்கூடக் கிடையாது. ஒரு பூட்ஸ் கால், அந்தக் கால் மண்ணுக்குள் அழுத்துகிற ஒரு மண்வாரி, அவ்வளவுதான். நம் மண்வெட்டியைப் போலக் குனிந்து வெட்டி இழுக்கிற கருவி அல்ல அது. நேர்க்காம்பு வைத்தது, நிமிர்ந்து நின்று காலால் மிதித்து இறக்குவது. அதுவரை பேனாவைத் தவிர எதையும் பிடித்தறியாத பாங்கிக் குமாஸ்தாக்கள் அதைப் பிடித்தார்கள்.

ஆங்கிலேயனுக்குத் தன் வீட்டுப் புல்தரை என்றால் என்ன என்பதை நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியாது. வாசல் கோலத்தைப் போல அது குடும்பத்தின் மானம். அதைப் பெயர்த்து முட்டைக்கோஸ் வைக்கச் சொன்னார்கள். ரோஜாவைப் பிடுங்கி உருளைக்கிழங்கு நடச் சொன்னார்கள். லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலேயே காய்கறி விளைந்தது. ஆல்பர்ட் நினைவு மண்டபத்தின் எதிரே ராஜ மலர்கள் பூத்த இடத்தில் கோஸும் கிழங்கும். குண்டு விழுந்த பள்ளங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. செங்கலும் கண்ணாடியும் பொறுக்கி எறிந்துவிட்டு அதிலும் விதைத்தார்கள். 1939-இல் 8,15,000 ஆக இருந்த குத்தகைப் பாத்திகள் 1943-இல் 14 லட்சமாயின.

இவ்வளவு கற்றுக்குட்டிகளுக்கும் பாடம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஸி. ஹெச். மிடில்டன் என்பவர் கிடைத்தார். நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு பெரிய பங்களாவின் தலைமைத் தோட்டக்காரருடைய பிள்ளை. 1931 முதல் பி.பி.ஸி.யில் பேசிவந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாற்காலியில் சாய்ந்த நேரத்தில் அவர் குரல் வரும். 1940-இல் 35 லட்சம் பேர் அதைக் கேட்டார்கள். தேசபக்திப் பிரசங்கம் செய்வதில்லை, அதட்டுவதில்லை. வேலி ஓரத்தில் நின்று அடுத்த வீட்டுக்காரர் பேசுவது போல, நத்தையைப் பற்றியும் எருவைப் பற்றியும் பேசினார். நெஞ்சில் அவர் பூக்களின் பக்ஷம். ஆனால் வெங்காயம் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினார்.

வெங்காயத்துக்கு வந்தோம். பிரிட்டானி கடற்கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வருஷந்தோறும் கடல் தாண்டி வந்து, சைக்கிளில் வெங்காயச் சரங்களைத் தோரணம்போலத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக விற்பார்கள். இந்த வெங்காயம் இருக்கும்போது தானே பயிரிடுவானேன் என்று ஆங்கிலேயன் இருந்துவிட்டான். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. சில மாதங்களில் கடைகளில் வெங்காயத்தைக் காணோம். பிறந்தநாளுக்கு ஒரு வெங்காயம் பரிசளிப்பது வேடிக்கையாக இல்லாமல் நிஜமான மரியாதையாயிற்று. 1941-இல் லண்டன் 'டைம்ஸ்' காரியாலயத்தில் ஒரே ஒரு வெங்காயத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டதில் 4 பவுனுக்கு மேல் வசூலாயிற்று. நம் வீடுகளில் வெங்காயம் விலை ஏறினால் அரசாங்கமே ஆட்டம் காண்கிறது. ஆகவே இதைப் படித்து நாம் சிரிக்கமாட்டோம்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் வெங்காயம் கயிற்றில் பின்னித் தொங்கியது. விளைவிப்பதைவிடச் சேமிப்பதுதான் கடினம் என்பதை அந்த வருஷங்களில் ஒவ்வொரு குடும்பமும் கற்றது. உருளைக்கிழங்கைத் தோண்டி, ஒருநாள் உலரவைத்து, வைக்கோல் பரப்பின் மேல் குவியலாக அடுக்குவார்கள். மேலே மறுபடி கனமாக வைக்கோல். அதன்மேல் மண்ணை அப்பி மெழுகுவார்கள். உச்சியில் மட்டும் வைக்கோல் பிரி ஒன்று புகைக்கூண்டு போல நீட்டிக்கொண்டிருக்கும், கிழங்கு மூச்சுவிட. பார்த்தால் நம் ஊர் வைக்கோல் போரின் தம்பி மாதிரி இருக்கும். காரட்டைப் பெட்டியில் மணலுக்கு நடுவே வரிசையாகப் படுக்கவைப்பார்கள். பீன்ஸை நறுக்கி ஜாடியில் ஒரு வரிசை காய், ஒரு வரிசை கல்லுப்பு என்று திணிப்பார்கள். இதை நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பழுக்காத தக்காளியைப் பனிக்கு முன் பறித்து, காகிதத்தில் சுற்றி, மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தால் கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொன்றாகச் சிவக்கும். துணி எடுக்க இழுப்பறையைத் திறந்தால் தக்காளி வாசனை வருமாம்.

உதிர்ந்த இலைகளை அள்ளியது யார் என்று ஆரம்பத்தில் கேட்டோமே? எல்லோரும் அள்ளினார்கள். முன்பு கொளுத்தியதை இப்போது மூலையில் குவித்து மட்கவைத்தார்கள். எரு அவ்வளவு அபூர்வம். கொளுத்துவதிலும் ஓர் ஆபத்து இருந்தது. இருட்டடிப்புச் சட்டத்தில், அந்தி சாய்ந்தபின் ஒரு கங்குகூடக் கனலக்கூடாது. மேலே விமானம் பார்த்துவிடும்.

குழந்தைகளுக்கும் வேலை இருந்தது. வேலிகளில் காட்டுரோஜா பூத்து ஓய்ந்தபின் சிவப்பாகச் சின்னக் காய்கள் நிற்கும். ஆரஞ்சுப் பழம் வருவது நின்றுபோன நாட்டில், ஆரஞ்சைவிட அதிகமாக வைட்டமின் 'ஸி' அந்தக் காயில் இருப்பது தெரியவந்தது. 1941 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் அக்டோபரிலும் பள்ளிப் பிள்ளைகள் கூடை தூக்கிக்கொண்டு வேலி வேலியாகப் போய்ப் பறித்தார்கள். எடைக்குச் சில்லறைக் காசு கிடைத்தது. அதைக் காய்ச்சிய பாகு கைக்குழந்தைகளுக்குப் போயிற்று. முள் கிழித்த கைகளுடன் வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகள்தாம் என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்தின் நல்ல பாத்திரங்கள்.

இத்தனையும் செய்து பிரிட்டன் பிழைத்தது கொல்லைப்புறத்தாலா? அப்படிச் சொல்லிவிட்டால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் உண்மை ஆகாது. பிழைத்தது விவசாயிகளால். மேய்ச்சல் நிலங்களை உழுது, யுத்த வருஷங்களில் சாகுபடி நிலத்தோடு சுமார் 60 லட்சம் ஏக்கரைச் சேர்த்தார்கள். கோதுமையும் கிழங்கும் பெரும்பாலும் அங்கே விளைந்தன. ரொட்டிக்கு யுத்தம் முடியும்வரை பங்கீடு கிடையாது. கொல்லைத் தோட்டம் கொடுத்தது தட்டில் ஓரமாக வைக்கிற பச்சைக் கறியை. அதுவும் பெரிதுதான். இராத்திரி குண்டு விழுகிறபோது பதுங்கு குழியில் செயலற்று உட்கார்ந்திருந்த மனிதனுக்குப் பகலில் ஒரு சாண் நிலத்தில் ஏதோ செய்தோம் என்றிருந்தது. சர்க்காருக்கு இது நன்றாகத் தெரியும். சாதாரண ஜனங்களிடம் ஓரளவுதான் எதிர்பார்க்கலாம் என்பதையும் ஒரு சம்பவம் தெரிவித்தது. 1943-இல் ரயிலில் மலர் அனுப்பத் தடை போட்டார்கள். உடனே பெட்டிக்குள் பூவை ஒளித்துக் கடத்தல் ஆரம்பித்துவிட்டது! தடையை எடுக்கவேண்டி வந்தது. சவப்பெட்டிக்கும் கல்யாணத்துக்கும் கோஸ் இலை வைக்க அந்த ஜனங்கள் சம்மதிக்கவில்லை.

இனி, டார்மன்-ஸ்மித். 1940 மே மாதம் சர்ச்சில் பதவிக்கு வந்தபோது அவருடைய மந்திரி பதவி போயிற்று. அடுத்த வருஷம் மே மாதம் அவருக்கு வேறு உத்தியோகம் கிடைத்தது. பர்மாவின் கவர்னர் உத்தியோகம். பர்மா என்றால் தமிழ்நாட்டுக்கு அரிசி. செட்டிநாட்டுப் பணம் போட்டு, ஐராவதி டெல்ட்டாவில் விளைந்து, ரங்கூனில் மூட்டை கட்டி, சென்னைக்கும் கொழும்புக்கும் வந்த அரிசி. 1942 மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கவர்னர் மே மாதத்தில் மிச்சினாவிலிருந்து விமானம் ஏறி இந்தியாவுக்கு வந்து, ஸிம்லாவில் இருந்துகொண்டு இல்லாத ராஜ்யத்தை ஆண்டார். லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம், மலையும் சேறும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் எத்தனையோ பேர் விழுந்தார்கள். நடந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் நம் ஊர்களில் அந்தக் கதையைச் சொல்லக் கேட்கலாம்.

அந்த அரிசி நின்றபின் இங்கேயும் "அதிக உணவு உற்பத்தி செய்யுங்கள்" என்று இயக்கம் வந்தது. லண்டனில் செய்தது போலவே. ஆனால் நிலம் இல்லாதவன் எதில் உற்பத்தி செய்வான்? 1943-இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் மிகுதிப்பேர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள், மீன் பிடித்தவர்கள், படகு தள்ளியவர்கள். தானியம் அனுப்பக் கப்பல் வேண்டுமென்று தில்லியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லண்டன் மந்திரி சபை கேட்டதில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. அதே இலையுதிர் காலத்தில் லண்டன்வாசி தன் காரட்டை மணலில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சட்டப்படி தன் பங்கை உண்டு, மிச்ச நேரத்தில் மண்ணைக் கொத்தினான். கப்பல்களுக்கு வழி சொன்னவர்கள் வேறு.

மிடில்டன் யுத்தத்தின் முடிவைப் பார்த்தார், அதற்குமேல் அதிகம் பார்க்கவில்லை. 1945 செப்டம்பரில், இலை பழுக்கத் தொடங்கிய சமயம், தம் வீட்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். சமாதானம் வந்ததும் ஜனங்கள் மண்வாரியைச் சுவரில் சாத்தினார்கள். சர்க்கார் விடவில்லை, இன்னும் தோண்டுங்கள் என்றது. யுத்தத்தில் இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 ஜூலையில் வந்து இரண்டு வருஷம் இருந்தது. பங்கீட்டு முறை அடியோடு ஒழிந்தது 1954-இல்தான். அதற்குள் பல பாத்திகளில் புல் மூடிவிட்டது, ரோஜாவும் திரும்பி வந்துவிட்டது. பிரிட்டானியிலிருந்து சைக்கிள்காரர்களும் வந்தார்கள். வாசலில் மணி அடித்து வெங்காயச் சரத்தை நீட்டியபோது, வீட்டுக்காரிகள் விலையைக் கேட்டுவிட்டு, பழையபடி பேரம் பேசினார்கள்.