பொய்முடி அணிந்த ஆண்கள்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மேல்தட்டு ஆண்களிடையே பொய்முடி அணியும் வழக்கம் பரவியிருந்தது. நீண்ட சுருள்முடி, பட்டு, உயர்ந்த குதிகால் காலணி ஆகியவை இன்று பெண்களுக்குரியவையாகக் கருதப்படுகின்றன. அன்று அவை ஆணின் செல்வத்தையும் பதவியையும் காட்டும் அடையாளங்களாக இருந்தன.

தோற்றம்

பிரான்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்கு இளமையிலேயே முடி கொட்டியதால், 1624ஆம் ஆண்டளவில் அவர் பொய்முடி அணியத் தொடங்கினார். அரசவையினர் அவரைப் பின்பற்றினர். அவருடைய மகன் பதினான்காம் லூயியின் காலத்தில் இவ்வழக்கம் உச்சம் பெற்றது. 1701இல் ரிகோ வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், அறுபது வயதைக் கடந்த அம்மன்னர் பெரிய பொய்முடியும் சிவப்புக் குதிகால் காலணியும் அணிந்து, பட்டுக் காலுறையிட்ட கால்கள் தெரிய நிற்கிறார். ஸ்பெயின் மன்னரான தம் பேரனுக்கு அனுப்பவே அவர் அதை வரையச் சொன்னார். ஓவியம் பிடித்துப்போகவே, தம்மிடமே வைத்துக்கொண்டார்.

ஆசையும் அச்சமும்

உயர்தரப் பொய்முடிகள் மனித முடியால் செய்யப்பட்டன. ஏழைகள் தங்கள் முடியை வெட்டி விற்றனர். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, இறந்தவர்களின் முடியும் கலந்திருக்குமோ என்ற அச்சம் எழுந்தது. கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இவ்வச்சத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நோய்க்குப் பயந்து அணியாமல் வைத்திருந்த புதிய பொய்முடியை அவர் அணிந்துகொண்டதும் அதே நாளில்தான்.

வீழ்ச்சி

பொய்முடிக்கும் சொந்த முடிக்கும் வெண்ணிறம் தர மாவுச்சத்துப் பொடி தூவப்பட்டது. 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பிரபுக்களின் அலங்காரம் வெறுப்புக்குரியதாயிற்று. பிரிட்டனில் 1795இல் கோதுமை தட்டுப்பட்டு, மக்கள் ரொட்டிக்குத் தவித்தனர். அவ்வாண்டு, போருக்குப் பணம் திரட்டிய பிரதமர் வில்லியம் பிட்டின் அரசு, முடிப்பொடி பூசுவோருக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தது. பலர் பொடியைக் கைவிட்டனர்.

அடுத்து வந்த பியூ பிரம்மெல் (1778–1840) இருண்ட நிற மேலங்கியையும் தூய வெள்ளைக் கழுத்துத்துணியையும் நாகரிகமாக்கினார். ஆனால் அந்த எளிய தோற்றத்துக்காக அவர் நாள்தோறும் பல மணி நேரம் செலவிட்டார். ஆண்கள் பகட்டைத் துறந்த இம்மாற்றத்தை, உளவியலாளர் ஃப்ளூகல் 1930இல் 'ஆண்களின் பெருந்துறவு' என அழைத்தார். பிரம்மெல்லின் கண்ணாடி மேசையைப் பார்த்தால், துறக்கப்பட்டவை வண்ணமும் சரிகையும்தான். பிறர் கவனத்தைக் கவரும் ஆசை அன்று என்பது விளங்கும்.