விடியலுக்கு முன் கிடைத்த வால்நட்சத்திரம்



பால்மரம் வெட்டுவதற்காக இருட்டிலேயே எழுந்து பிரட்டுக்குப் போன நம் பெரியவர்களுக்கு விடிவெள்ளி நன்றாகத் தெரியும். அது நட்சத்திரம் அன்று. வெள்ளி என்னும் கிரகம். நட்சத்திரம் மின்னும், கிரகம் பெரும்பாலும் மின்னாமல் ஒளிரும். வால்நட்சத்திரமோ முதலில் மங்கலான பஞ்சுத் துணுக்குப் போலத்தான் தோன்றும். நாளுக்கு நாள் இடம் மாறும்.

வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது, நாட்டுக்கு நோய் வரும் என்று அந்நாளில் பல நாட்டு மக்களும் அஞ்சினார்கள். இங்கிலாந்து அறிஞர் ஹேலி, 1705ஆம் ஆண்டில், ஒரு வால்நட்சத்திரம் மீண்டும் வரும் காலத்தைக் கணக்கிட்டு எழுதினார். 1742இல் அவர் காலமானார். அவர் சொன்னபடியே அது 1758இல் திரும்பி வந்தது. கணக்குக்குக் கட்டுப்பட்டு வருவது நமக்குக் கேடு சொல்லவா வரும்? பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த உருண்டை அது. சூரியனை நெருங்கும்போது சூடேறி ஆவியும் தூசியும் வெளிப்படுகின்றன. அதுவே வாலாக நீள்கிறது.

சரி, புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய படிப்புப் படித்தவர்களால் மட்டும்தான் முடியுமா? ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள்.

இக்கேயா கவோரு என்னும் இளைஞர் பியானோ தொழிற்சாலையில் கூலிக்கு வேலை செய்தவர். தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியைத் தம் கையாலேயே பொறுமையாகத் தேய்த்து உருவாக்கினார். வேலை நேரம் போக, இரவிலும் விடியற்காலையிலும் வானத்தைத் துழாவினார். பல மாதங்கள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. 1963 ஜனவரியில், தமது 19ஆம் வயதில், முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டார்.

1965 செப்டம்பரில், சூறாவளி ஓய்ந்து வானம் தெளிந்த ஒரு விடியற்காலை. இக்கேயா இன்னொன்றைக் கண்டார். அதே விடியலில், கோச்சி நகரில் கித்தார் கற்பித்துவந்த செக்கி சுதொமு என்பவரும் தனியாக அதையே கண்டார். இருவர் பெயராலும் அது 'இக்கேயா-செக்கி' ஆயிற்று. அக்டோபர் 21ஆம் நாள் அது சூரியனின் மேற்பரப்புக்குச் சுமார் 4,50,000 கிலோமீட்டர் அருகில் சென்று, உடைந்தும் அழியாமல் மீண்டது. மாதக் கடைசியில், விடியுமுன் கீழ்வானத்தில் அதன் நீண்ட வாலை உலகமே வெறுங்கண்ணால் பார்த்தது.

பெற்றோர்களே! பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால், 'நமக்கு எதற்கு இதெல்லாம்?' என்று அடக்கிவிடாதீர்கள். சூரியன் எழுமுன் அவர்களோடு வாசலில் நின்று விடிவெள்ளியைக் காட்டுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள். கூலி வேலை செய்த கையே கண்ணாடி தேய்த்தது. அந்தக் குடும்பத்தின் பெயர் இன்று வானத்தில் இருக்கிறது.